படுத்திருப்பவர்களின் கூரை

கணவன் கிரிதருக்கு டயாலிசிஸ் தொடங்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன வாரத்தில் ரஞ்சனாவுக்கு ஒரே ஓர் ஆறுதல்தான் இருந்தது. அவன் போகப்போகிற இடம் அவள் வரைந்து கட்டியது.

கொல்கத்தாவின் டாக்குரியா ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது அந்த மையம். ஓர் அறக்கட்டளை அதை நடத்தியது. கீழே பதிவும் காத்திருப்பு அறையும். மாடியில் பன்னிரண்டு படுக்கைகள், பன்னிரண்டு இயந்திரங்கள். ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட். மொத்தம் அறுபத்தெட்டு நோயாளிகள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அது திறந்தபோது, ஜாதவ்பூரில் இருக்கும் தன் இரண்டு அறை அலுவலகத்தின் சுவரில் ரஞ்சனா அதன் புகைப்படத்தை மாட்டினாள். பெரிய வேலை என்று சொல்ல முடியாது. ஆனால் சக்கர நாற்காலி திரும்புகிற கதவுகள், கண்ணைக் கூச வைக்காத வடக்கு வெளிச்சம், சுலபமாகக் கழுவக்கூடிய தரை என்று ஒவ்வொன்றையும் அவள் யோசித்துச் செய்திருந்தாள்.

கிரிதர் ஒரு பொதுத்துறை வங்கியின் ஆய்வுப் பிரிவில் அதிகாரி. ஐம்பத்தொரு வயது. பல வருட ரத்த அழுத்தம் சிறுநீரகங்களைத் தின்றுவிட்டிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள், காலை ஏழு மணி ஷிப்ட், ஐந்தாம் எண் படுக்கை. முதல் வாரம் முடிந்த சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தவனிடம் அவள் கேட்டாள்.

"எப்படி இருக்கு அந்த இடம்? நிஜமா சொல்லுங்கோ."

"நன்னா இருக்கு. பாத்ரூம் கதவு அகலமா இருக்கு. வெளிச்சம் நன்னா வரது. சிஸ்டர் மினதி ஊசி போடறதே தெரியலை." கொஞ்ச நேரம் சாப்பிட்டான். "ஆனா மேலே பார்க்க ஒண்ணும் இல்லை."

"டிவி இருக்கே."

"அது மூலையிலே இருக்கு. அந்தப் பக்கம் திரும்பினா கையிலே ஊசி இழுக்கறது. நாலு மணி நேரம் மல்லாந்து படுத்துண்டு மேலேதான் பார்க்கணும். என் படுக்கைக்கு மேலே பதினெட்டுப் பலகை. ஒவ்வொண்ணுலயும் பொடிப் பொடியாப் புள்ளி. நேத்திக்கு ஒரு பலகையிலே எண்ண ஆரம்பிச்சேன். நானூறுக்கு மேலே குழம்பிப் போச்சு. திரும்ப முதல்லேர்ந்து எண்ணினேன்."

ரஞ்சனாவுக்குச் சுருக்கென்றது. இருபது வருடத் தொழிலில் அவள் தன் கட்டடங்களுக்குள் நடந்திருக்கிறாள், நின்றிருக்கிறாள், உட்கார்ந்திருக்கிறாள். எதிலும் படுத்துப் பார்த்ததில்லை. நோயாளிகள் படுத்தே இருக்கும் கட்டடத்தில்கூட.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மையத்துக்கு விடுமுறை. காவலாளிக்கு அவளைத் தெரியும். மாடிக்குப் போய் ஐந்தாம் படுக்கையில் படுத்தாள். இடது கையை அசைக்கக் கூடாது என்று தனக்குத்தானே விதி வைத்துக்கொண்டாள். ஒரு மணி நேரத்துக்கு அலாரம் வைத்தாள். இருபத்தைந்தாவது நிமிடம் எழுந்துவிட்டாள். எழுந்தபோது கோபம் வந்திருந்தது. யார் மேல் என்று சொல்ல வேறு ஆள் இல்லை. வரைபடத்தில் அந்தக் கூரைக்கு அவள் எழுதியிருந்தது ஒரே வரி: வெள்ளை, தீப்பிடிக்காத பலகை, இரண்டடிக்கு இரண்டடி.

அறக்கட்டளையின் கௌரவச் செயலாளர் ராஜாராமன். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், பவானிபூரில் வீடு. ரஞ்சனாவின் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்து குடும்பத்துக்குப் பழக்கம். இந்த வேலை அவளுக்குக் கிடைத்ததும் அவரால்தான். கூரையில் ஓவியம் வைக்கலாமா என்று அவள் கேட்டபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வைத்தியம் பார்க்கற இடம்மா அது. படம் போட்டா ரத்தத்திலே கிரியேட்டினின் குறையுமா?"

"குறையாது மாமா. ஆனா நாலு மணி நேரம் குறையும்."

"எப்படிக் குறையும்?"

"ஒரு மணி நேரம் மேலே பார்த்துண்டு படுத்துப் பாருங்கோ. அப்புறம் சொல்லுங்கோ."

அவர் படுத்துப் பார்க்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. முதலில் ஒரே ஒரு படுக்கைக்கு மேலே, சோதனையாக, வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் செய்துகொள் என்றார்.

என்ன வரைவது என்று நோயாளிகளிடமே கேட்டுவிடலாம் என்று ரஞ்சனாவுக்குத் தோன்றியது. கிரிதரைக் கொண்டுவிடுகிற நாட்களில் காத்திருப்பு அறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். வங்காளம் அவளுக்குத் தமிழைவிடச் சரளம். கிரிதர் தாதாவின் மனைவி என்பதால் எல்லோரும் அவளை 'பௌதி' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அங்கே தாதா என்றால் அண்ணா, பௌதி என்றால் அண்ணி.

ஜாதவ்பூர் ரூட்டில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த நிர்மல் மண்டல், "எது வேணா போடுங்க பௌதி. ரோடு மட்டும் வேண்டாம்" என்றான். ஒரு பெரியவர் தன் மாமியார் முகத்தைத் தவிர எதுவாயினும் சரி என்றார். பள்ளியில் பூகோளம் கற்பித்த ஷுக்லாதி, ஐம்பத்தெட்டு வயது, பென்சிலை வாங்கி அவளே எழுதினாள்: தண்ணீர். அதைப் பார்த்து நிர்மலும் தன் பதிலை மாற்றிக்கொண்டான். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி தண்ணீர்தான் அளவு. மருந்து விழுங்குகிற தண்ணீரும் குழம்பில் இருக்கிற தண்ணீரும் அதில் சேர்த்தி. ஜூன் மாதக் கொல்கத்தாவில் அதை வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டுவது எப்படி என்று அவர்களுக்குத்தான் தெரியும். முப்பத்தொரு பேரிடம் கேட்டதில் பத்தொன்பது பேர் தண்ணீர் என்றார்கள்.

கிரிதரிடமும் கேட்டாள்.

"சீக்கிரம் பார்த்து முடிச்சுடற மாதிரி இருக்கப்படாது" என்றான். "நாலு மணி நேரம் தாங்கணும். வாரத்துக்கு மூணு நாள் தாங்கணும். அவ்வளவுதான்."

ஜூன் மாதக் கடைசி ஞாயிறு, பலகையின் அளவையும் அது எவ்வளவு கனம் தாங்கும் என்பதையும் பார்க்க ரஞ்சனா ஏணி வைத்து ஏறினாள். ஐந்தாம் படுக்கைக்கு நேர் மேலே இருந்த பலகையை இரண்டு கையாலும் மேலே தள்ளினாள். இரண்டு கையும் தேவைப்படவில்லை. பலகை காகிதம் போல எழும்பியது.

அதைக் கீழே எடுத்து வந்து ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தாள். அவள் குறிப்பிட்டிருந்த பலகையில் புள்ளிகள் நிஜமான துளைகளாக இருக்கும். இதில் புள்ளிகள் அச்சடிக்கப்பட்டிருந்தன. ஓரத்தை உடைத்தாள். மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதன் பின்னால் தெர்மாகோல். வெள்ளை மணிகள் அவள் புடவையில் ஒட்டிக்கொண்டன.

இன்னும் பத்துப் பலகைகளைத் திறந்து பார்த்தாள். அறை முழுக்க அதே. வெளியே லிப்ட் பக்கத்து நடையில் மட்டும் சரியான பலகை, பின்னால் கம்பெனி முத்திரையோடு இருந்தது.

உடைந்த துண்டு ஒன்றை மொட்டை மாடிக்கு எடுத்துப் போய் காவலாளியின் தீப்பெட்டியால் பற்ற வைத்தாள். அது முதலில் சுருங்கியது. பிறகு சொட்டுச் சொட்டாக எரிந்து விழுந்தது. கறுப்புப் புகை தொண்டையைப் பிடித்தது. மறுநாள் காலை கீழே பன்னிரண்டு பேர் படுத்திருப்பார்கள், ஒவ்வொருவர் கையிலும் இரண்டு ஊசி, ரத்தம் உடம்புக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்கும். எழுந்து ஓட முடியாது. சிஸ்டர் வந்து ஒவ்வொருவரையும் கழற்றிவிடவே பல நிமிடம் ஆகும். துண்டு எரிந்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கட்டடம் முடிந்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்று சாயங்காலம் புவனேஸ்வருக்கு ரயில். அங்கே ஒரு பெரிய வேலைக்கு மறுநாள் வரைபடம் காட்ட வேண்டும். ஒப்பந்தக்காரர் ஷ்யாமல் தத்தா லிப்ட் பக்கத்தில் ஏணியைத் தயாராக வைத்திருந்தார். அவள் ஏறி ஒரு பலகையைத் தூக்கி முத்திரையைப் பார்த்தாள். "உள்ளேயும் இதேதானே?" என்று கேட்டாள். "இதேதான் மேடம்." ஏணியின் படியில் காகிதத்தை வைத்தே கையெழுத்துப் போட்டாள். அனைத்துப் பொருள்களும் குறிப்பிட்டபடி பொருத்தப்பட்டுள்ளதை நேரில் ஆய்வு செய்து உறுதி செய்கிறேன் என்று அதில் இருந்தது. அந்தக் காகிதத்தை இணைத்துத்தான் தீயணைப்புத் துறையில் அனுமதி வாங்கினார்கள். ஏமாற்றியது தத்தா. 'நேரில் ஆய்வு செய்து' என்ற பொய் அவளுடையது.

தத்தாவுக்கு போன் செய்தாள். "பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு மேடம். ரெண்டு வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்றார். பிறகு அவர் போனை எடுக்கவில்லை.

அடுத்து அவள் செய்ததை ரஞ்சனா பின்னால் யாரிடமும் மறைக்கவில்லை. தெரிந்த டாக்டர் ஒருவரைப் பிடித்து, கிழக்குப் புறவழிச் சாலையில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையில் திங்கள் காலை கிரிதருக்கு ஓர் இடம் வாங்கினாள். உறுதியான பிறகுதான் வீட்டுக்கு வந்தாள்.

"நாளைக்கு எதுக்கு வேற இடம்?" என்று கேட்டான் கிரிதர்.

அவள் சொன்னாள். எரிந்த துண்டைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். அதையும் காட்டினாள். அவன் முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தான்.

"நான் நாளைக்கு வரலைன்னு மினதிகிட்ட சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு."

"அப்போ வெயிட்டிங் லிஸ்ட்லேர்ந்து வேற யாரையாவது கூப்பிடுவா. அஞ்சாம் நம்பர்லே நாளைக்கு யாரோ படுப்பா."

அது ரஞ்சனாவுக்குத் தோன்றவே இல்லை. "என்ன பண்ணட்டும்?" என்று கேட்டாள்.

"என்னைக் கேக்காதே. நான் அங்கே படுக்கறவன். எனக்குப் பயமா இருக்கு, மையத்தை மூடினா அதுவும் பயமா இருக்கு. எந்தப் பக்கம் பேசினாலும் அது என் உடம்புக்காகப் பேசறதாத்தான் இருக்கும்."

அன்று சாயங்காலமே அவள் மெட்ரோவில் பவானிபூருக்குப் போனாள். ராஜாராமன் பொறுமையாகக் கேட்டார். அவருக்குத் தெரியாமல்தான் நடந்திருக்கிறது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. முதலில் தத்தா மேல் வழக்குப் போட வேண்டும் என்றார். பிறகு மெதுவாக, "இதை எப்படி சரி பண்ணலாம்னு பார்ப்போம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா கொஞ்சம் கொஞ்சமா மாத்திடலாம். எட்டு வாரம் ஆகும். காகிதம் எதுவும் வேண்டாம்" என்றார்.

"எல்லாத்தையும் ஒரே நாளிலே எடுத்துட முடியாதா?"

"டாக்டர் ஒத்துக்க மாட்டார். பலகையை எடுத்து வெறுமனே விட்டா மேலே இருக்கற ரெண்டு வருஷத் தூசி ரத்தக் குழாய் மேலே விழும். மூடாம எடுக்க முடியாது."

"அப்போ மூடணும் மாமா."

"மூடினா அறுபத்தெட்டு பேர் எங்கே போவா? நீ சொல்ற தீ ஒருவேளை பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். டயாலிசிஸ் நாலு நாள் தள்ளிப்போனா என்ன ஆகும்னு சந்தேகமே இல்லை. உன் மனசு சுத்தமா இருக்கணும்ங்கறதுக்காக அவாளை அலைய விடறதா?"

அவர் சொன்னதில் பாதி உண்மை என்று அவளுக்கே தெரிந்தது.

"எட்டு வாரம் அவா கீழே படுத்திருப்பா, தெரியாமலே" என்றாள். "நான் தெரிஞ்சதும் முதல்லே என் ஆத்துக்காரரை வேற இடத்துக்கு மாத்தினேன். அவாளுக்குத் தெரிஞ்சா அவாளும் அதைத்தான் பண்ணுவா. சொல்லாம இருந்தா அந்த வழியை நான் அடைச்ச மாதிரி."

"தெரிஞ்சா பயப்படுவா. வேற என்ன பண்ண முடியும் அவாளால?"

"அதை அவா முடிவு பண்ணட்டும். முதல்லே எல்லாருக்கும் வேற இடம் பார்ப்போம், அப்புறம் மூடுவோம். நானும் அலையறேன். ஆனா நாளைக்குக் காலையிலே கடிதம் குடுத்துடுவேன். என் கையெழுத்து அந்த ஃபைல்லே இருக்கு."

"உனக்கு லைசன்ஸ் போயிடும்மா" என்றார் ராஜாராமன். மிரட்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

கடிதம் இரண்டு பக்கம் வந்தது. தத்தா என்ன செய்தார் என்பது ஒரு பத்தி. தான் என்ன செய்யவில்லை என்பது ஒரு பத்தி. அறக்கட்டளைக்கு ஒரு பிரதி, தீயணைப்புத் துறைக்கு ஒன்று, கட்டடக் கலைஞர்களின் கவுன்சிலுக்கு ஒன்று. திங்களும் செவ்வாயும் மூன்று ஷிப்டுக்கும் காத்திருப்பு அறையில் நின்று நோயாளிகளிடம் அவளே சொன்னாள். தன் கணவனை முதலில் இடம் மாற்றியதையும் சொன்னாள். சொல்லாவிட்டாலும் காலியாக இருந்த அவன் நாற்காலி சொல்லியிருக்கும்.

யாரும் கத்தவில்லை. ஷுக்லாதி, "இன்றைக்கு நான் படுக்கலாமா, கூடாதா?" என்று மட்டும் கேட்டாள். ரஞ்சனாவுக்குத் தெரியவில்லை என்றுதான் சொல்ல முடிந்தது. எல்லோரும் மேலே போனார்கள். வேறு வழி இல்லை.

புதன்கிழமை தீயணைப்பு அதிகாரி வந்து பார்த்தார். நோயாளிகளை மாற்ற சனிக்கிழமை வரை அவகாசம் கொடுத்தார். அதுவரை மாடியில் இரண்டு ஆட்கள் தீயணைப்பான்களோடு நிற்க வேண்டும் என்றார். அந்த நான்கு நாட்களும் ரஞ்சனாவும் ராஜாராமனும் சேர்ந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார்கள். வண்டியில் இருவரும் வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. ஒன்பது இடங்களில் அறுபத்தெட்டு பேருக்கும் படுக்கை கிடைத்தது. சிலருக்குக் கிட்டே, பலருக்குத் தூரத்தில்.

அது ஜூலை. மழை. நிர்மலுக்கு பெஹாலாவுக்கு அப்பால் கிடைத்தது. மூன்று பஸ் மாற வேண்டும். டயாலிசிஸ் முடிந்து தலை சுற்றுகிறபோதும் அதே மூன்று பஸ். அவன் ஒரு நாள் ரஞ்சனாவுக்கு போன் செய்தான்.

"மேடம், உங்க மனசாட்சிக்கு நான் பஸ் டிக்கெட் வாங்கறேன்" என்றான். 'பௌதி' போய் மேடம் ஆகியிருந்தது. அவள் மன்னிப்புக் கேட்டாள். அவன் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டான்.

ஷுக்லாதியின் கதை இன்னும் மோசம். வீட்டுத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று இரண்டு முறை போக முடியவில்லை. நுரையீரலில் நீர் கோத்து மூச்சு விட முடியாமல் ஐசியூவில் சேர்த்தார்கள். ரஞ்சனா பார்க்கப் போனாள். நடையில் ஷுக்லாதியின் மகள் நின்றிருந்தாள்.

"நீங்க சொன்னது சரிதான்னு எனக்குத் தெரியும்" என்றாள் அந்தப் பெண். "ஆனா இப்போ உங்களைப் பார்க்க முடியாது. போயிடுங்க."

ரஞ்சனா போய்விட்டாள். நான்கு நாள் கழித்து ஷுக்லாதி பிழைத்து வீட்டுக்கு வந்தாள். அந்த நான்கு நாளும் ரஞ்சனா அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு கோடுகூட வரையவில்லை. தான் எழுதிய கடிதத்தின் நகலை எடுத்து, இதை வேறு எப்படி எழுதியிருக்கலாம் என்று திரும்பத் திரும்பப் படித்தாள். ஒரு வார்த்தையையும் மாற்ற முடியவில்லை. அதனால் மனம் லேசாகவும் இல்லை.

"ஒருவேளை மாமா சொன்னதுதான் சரியோ?" என்று கிரிதரிடம் கேட்டாள்.

"தீ பிடிச்சிருந்தா நீ சரி. பிடிக்கலைன்னா அவர் சரி. இனிமே அது தெரியவே போறதில்லை" என்றான் அவன். "சாப்பிட வா."

இருபத்தாறு நாளில் மையம் மறுபடி திறந்தது. வேலையை வேறொரு கட்டடக் கலைஞரிடம் கொடுத்திருந்தார்கள். கூரை முழுக்கச் சரியான பலகை, வெள்ளை. பவானிபூரில் அறக்கட்டளை கட்டவிருந்த கண் மருத்துவமனை ரஞ்சனாவுக்கு வர வேண்டியது, அதுவும் போயிற்று. அவளிடம் வேலை பார்த்த இருவரில் ஒருவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். கவுன்சிலிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எழுதினாள். எழுத்துமூல எச்சரிக்கையோடு முடித்துக்கொள்வதாகப் பிறகு பதில் வந்தது. உரிமம் தப்பியது. அலுவலகச் சுவரிலிருந்த மையத்தின் படத்தை அவள் அதற்கு முன்பே இறக்கி வைத்துவிட்டிருந்தாள்.

செப்டம்பர் நடுவில் ஒரு நாள் ராஜாராமன் ஜாதவ்பூர் அலுவலகத்துக்கு வந்தார். இதற்கு முன் அவர் அங்கே வந்ததில்லை. மூச்சு வாங்க உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். வங்காளத்தில், பள்ளிக்கூட ஆசிரியையின் குண்டுக் குண்டு எழுத்தில் ஒரு மனு. கீழே நாற்பத்து நான்கு கையெழுத்து.

'மேலே என்ன பார்க்க வேண்டும் என்று எங்களிடம் ஒருமுறை கேட்டார்கள். நாங்கள் பதில் சொன்னோம். அதன்பின் யாரும் எதுவும் சொல்லவில்லை. கேட்காமல் இருந்திருந்தால் வெள்ளைக் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்போம். இப்போது முடியவில்லை.'

முதல் கையெழுத்து ஷுக்லாதியுடையது. கடைசி வரிசையில் நிர்மலுடையதும் இருந்தது.

"நாலாம் தடவை குடுத்திருக்கா" என்றார் ராஜாராமன். "கமிட்டி ஒத்துண்டாச்சு. ஆனா உன் பேரை அங்கே எடுக்க முடியாது. கோபமா இருக்கா. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அந்தப் பலகை மேலே எதை வெச்சு வரைஞ்சா தீப்பிடிக்காதுன்னு எழுதிக் குடு. மத்ததை அந்தப் புது ஆள் பார்த்துப்பான்."

"பேர் வேண்டாம் மாமா" என்றாள் ரஞ்சனா. "ஆனா எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாலே ஒரு பலகையிலே வரைஞ்சு, சோதனைக்கு அனுப்பி, ரிப்போர்ட் வரணும். ரெண்டு மாசம் ஆகலாம்."

"ஆகட்டும்" என்றார் அவர். கிளம்பும்போது வாசலில் நின்றார். "நான் படுத்துப் பார்த்தேன். மூடியிருந்தப்போ ஒரு நாள். பத்து நிமிஷம்கூட முடியலை" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ரிப்போர்ட் வர நவம்பர் ஆனது. அது நல்லதாகப் போயிற்று. பர்ணா என்ற ஓவியப் பெண், வருடா வருடம் துர்கா பூஜைப் பந்தல்களுக்கு வேலை செய்கிறவள், அப்போதுதான் கை ஓய்ந்திருந்தாள். ரஞ்சனா தன் நோட்டுப் புத்தகத்தை அவளிடம் கொடுத்தாள். பர்ணா வார்டுக்குப் போனதும் யாரையும் கேட்காமல் ஒரு படுக்கையில் ஏறிப் படுத்துக்கொண்டாளாம். காவலாளி சொன்னான்.

அவள் தீட்டிக் கொண்டுவந்த மாதிரியைப் பார்த்து டாக்டர் தயங்கினார். தாகத்தில் தவிக்கிற ஜனங்களுக்கு மேலே தண்ணீரா என்றார். ஷுக்லாதி அன்று ஊசியோடு படுத்திருந்தாள். அங்கிருந்தே பதில் சொன்னாள்.

"குடிக்கத்தான் அளவு டாக்டர்பாபு. பார்க்கிறதுக்கும் அளவு எழுதியிருக்கீங்களா?"

டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

கீழ்த்தளக் கூடத்தில் பலகைகளைப் பரப்பி வைத்து மூன்று வாரம் வரைந்தாள் பர்ணா. ஒரு குளம், ஆனால் கரையிலிருந்து பார்க்கிற குளம் இல்லை. அடியில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் தெரிகிற குளம். ஆகாயத்தாமரையின் வேர்கள் தாடி போலத் தொங்கின. வாத்துகளின் வயிறும் துடுப்புக் கால்களும். ஒரு படகின் அடிப்பலகை, அதில் அடைத்த தார். ஓர் ஓரத்தில் படித்துறை. அங்கிருந்து தண்ணீருக்குள் நீளும் வளையல் கைகள், தேய்க்கிற பாத்திரம், கலைகிற சாம்பல். இன்னொரு ஓரத்தில் யாருடைய பாதங்களோ இரண்டு, விரல் விரித்து. எல்லாவற்றுக்கும் மேலே, மிக மேலே, வெயில். பன்னிரண்டு படுக்கைக்கும் சேர்த்து ஒரே குளம்.

பொருத்திய அன்று ரஞ்சனாவைக் கூப்பிடவில்லை. புதுக் கட்டடக் கலைஞர்தான் சரிபார்த்துக் கையெழுத்திட்டார். டயாலிசிஸ் நடக்கும்போது கூட வந்தவர்கள் உள்ளே போகக் கூடாது. எனவே அடுத்த திங்கள் அவள் வார்டுக் கதவின் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தாள். அந்தக் கோணத்தில் குளத்தின் ஒரு மூலைதான் தெரிந்தது. ஆனால் படுத்திருந்த முகங்கள் எல்லாம் தெரிந்தன. டிவி ஓடிக்கொண்டிருந்தது, யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கிரிதரின் உதடு அசைந்துகொண்டிருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர் எதையோ மறுத்துத் தலையாட்டினார். நிர்மல் வலது கையை உயர்த்தி மேலே எதையோ சுட்டிக்காட்டினான். அவள் நிற்பதைப் பார்த்துவிட்டு அந்தக் கையை அவளை நோக்கி லேசாக அசைத்தான். அது வணக்கமா, அந்தப் பக்கம் போ என்கிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. அவளும் கையை உயர்த்தினாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் கிரிதர் சொன்னான்.

"அங்கே இப்போ பெரிய சண்டை."

"என்ன சண்டை?"

"எல்லாருக்கும் ஒன்பதாம் நம்பர் வேணுமாம். அங்கேர்ந்துதான் அந்தப் பாத்திரம் தேய்க்கற கை நேராத் தெரியறது. அது யார் கைன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றா. நிர்மல் அவன் அம்மா கைன்னு சொல்றான், ஷுக்லாதி கல்யாணம் ஆகாத பொண்ணு கைன்னு சொல்றா, கல்யாணம் ஆனவா போட்டுக்கற சங்கு வளையல் இல்லையே, பாருங்கறா. ஏழு மணி ஷிப்டுக்கு நாலு பேர் ஆறு மணிக்கே வந்து நின்னுட்டா. சாயங்கால ஷிப்ட்காரா எங்களுக்கு எப்போன்னு போன் பண்றா. மினதிக்குத் தாங்கலை. முறை போட்டு எழுதிச் சுவர்லே ஒட்டிட்டா."

"உங்க முறை எப்போ?"

"வர வெள்ளிக்கிழமை" என்றான் கிரிதர். "அன்னிக்கு என்னைக் கொஞ்சம் சீக்கிரம் எழுப்பு."